இரண்டு எழுத்துத் திருத்தம்

பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். என்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதி, சரிபார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தார்கள். ‘கையேட்டுப் பிரிவின் முன்னோடி’ என்று போட்டிருந்தது. அந்தப் பிரிவில் இருந்தது இரண்டு மேசை, இரண்டு ஆள். ஒன்று நான், இன்னொன்று என் மேலாளர். இதில் யாருக்கு யார் முன்னால் ஓடுவது? அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் வேறு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று திரும்பவும் கேட்கிறார்கள். முட்டி வலிக்கிறது, ஒரு கண்ணில் புரை, எழுதும் ஆசையும் வற்றிப் போய்விட்டது. ஆனாலும் ஒரு விஷயம் தெரிந்தவள் அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை, கணினியில் பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது. கேட்பவர்களுக்கு உடனே கொட்டாவி வரும். எனக்கே பல நாள் வந்திருக்கிறது.

அப்பா புதுச்சேரிப் பஞ்சாலையில் துணி பார்க்கும் பிரிவில் இருந்தார். நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரிப்பார்கள். இழை விட்டுப்போன இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ‘தெஃபோ’ என்று சொல்லித் தனியே எடுத்து வைப்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தை. குறை என்று பொருள். எங்கள் வீட்டில் அது தமிழாகவே புழங்கியது. ஓட்டை விழுந்த குண்டான் தெஃபோ. ஒரு கால் ஆடும் முக்காலி தெஃபோ. என் கணக்கு நோட்டைப் பார்த்தும் அப்பா அதையேதான் சொல்வார்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிறகு தட்டச்சு, பிறகு எழுபதுகளில் பத்திரம் எழுதித் தரும் நொத்தேர் ஒருவரின் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை மொழிபெயர்த்தது எல்லாம் ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய காலம். எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி பிரான்சிலிருந்து கணினி ஒன்றைத் தருவித்தது. பீரோ அளவு இருக்கும். கூடவே அதற்கென்று ஒரு நிரல்மொழி, அந்த மொழிக்குக் கையேடுகள், எல்லாம் பிரெஞ்சில். நிரல் எழுத வந்த பையன்களுக்கோ ஆங்கிலம்தான் தெரியும். அதனால் கையேட்டை ஆங்கிலத்தில் எழுத என்னை எடுத்தார்கள். கணினி என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்ணைப் படிப்பது, கோப்பைத் திறப்பது, தேதியைக் கணக்கிடுவது போன்ற காரியங்கள் எல்லோருக்கும் வேண்டும். அவற்றுக்கான சிறு நிரல்களை மொழியோடு சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ரூட்டீன் என்று பெயர், மொத்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். ஒரு ரூட்டீன் ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்று பிரெஞ்சுக் கையேடு பக்கம் பக்கமாகப் பேசும். வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி. ‘கோப்பு திறக்கவில்லை. பிழை எண் பதினான்கு.’ அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியில்தான் என் மேலாளர் முசியே அருளப்பன் குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் தந்திப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் எல்லோருக்கும் ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா. சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். நான் தட்டச்சு செய்து வைத்த தாளின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரு வரி தெரியும்படி நகர்த்தி, உரக்கப் படிப்பார். படித்துவிட்டு நிமிராமலே ஒரு கேள்வி கேட்பார்.

“அப்புறம்?”

கோப்பு திறக்கவில்லை என்று எழுதினால், “அப்புறம்?” டிஸ்க் சரியாகச் செருகியிருக்கிறதா பார் என்று சேர்த்தால், “அப்புறம்?” கோப்பின் பெயரைச் சரிபார் என்று சேர்த்தால், மறுபடி “அப்புறம்?” ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்புறம் வீட்டுக்குப் போவ வேண்டியதுதான் முசியே,” என்றேன்.

“போவட்டும். அதுவரைக்கும் அடிச்ச கணக்கு பத்திரமா இருக்கா, போயிடுச்சா? அத எழுதினியா? படிக்கிறவன் ஏற்கெனவே பதறிப்போயி இருக்கான் ரொசாலி. நல்லா நடக்குறப்ப எவன் புக்கத் தொறக்குறான்?”

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினேன். ‘இதுவரை சேமித்தவை அழியவில்லை. நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம்.’ அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஸ்கேல் கீழே இறங்கியது.

இன்னொரு கட்டளையும் வைத்திருந்தார். பிழைக்குறிப்பு ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் செய்து பார்க்க வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் இல்லாத கோப்பைத் திறப்போம். நடுவழியில் டிஸ்கை உருவுவோம். பிப்ரவரி முப்பது என்று தேதி கொடுப்போம். கையேட்டில் எழுதியபடியே நடந்தால் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டு, கையெழுத்தும் போடுவார். இரண்டு பேரும் பகல் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிட்டு எனக்கு வயிற்றுப்புண் வந்ததுதான் மிச்சம். கையேடு நன்றாக வந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது.

அந்தத் தலைக்கனத்தோடு இருந்த நாளில்தான் கஸ்தூரி வந்தாள்.

வாசலை ஒட்டிய அறை எங்களுடையது. ஒரு நாள் காலை, பதினெட்டு வயது இருக்கும், நீலத் தாவணி போட்ட பெண் வந்து நின்றாள்.

“கம்ப்யூட்டர் எங்க இருக்குக்கா? அதப் பாக்கணும்.”

சிரிப்பு வந்துவிட்டது. “அதப் பாத்து என்னா பண்ணப் போற?”

“எனக்கு சைபர் போட்டிருக்கு. ஏன்னு கேக்கணும்.”

கனகசெட்டிக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களை அந்த வருஷம் எங்கள் கம்பெனிதான் கணினியில் ஏற்றிப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இவளுக்கு அறிவியலில் சைபர். பள்ளியில் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் போட்ட மார்க், நாங்கள் என்ன செய்வது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

“நான் வெள்ளப் பேப்பர் குடுத்துட்டு வரலக்கா. எழுதியிருக்கேன். எழுவதுக்குக் கொறையாதுன்னு டீச்சர் சொன்னாங்க. வெள்ளிக்கிழம சேர்க்கை முடியுது.” கையில் வைத்திருந்த காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தாள். “எங்கப்பா ஒரு வாட்டிதான்னு சொல்லிட்டாரு. கெடச்சா படி, இல்லன்னா மாமன் வூட்டுக்குப் போன்னு.”

நான் எழுந்து இயந்திர அறைக்குப் போய், நிரல் எழுதிய செல்வராசுவைக் கேட்டிருக்கலாம். விடைத்தாளை எடுத்துப் பார்க்கும்படி பள்ளிக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நான் செய்தது வேறு. என் கையேட்டைத் திறந்து அவளிடம் காட்டினேன்.

“இத பாரும்மா. எண்ணப் படிக்குற ரூட்டீன். மெஷினால ஒரு நம்பரப் படிக்க முடியலன்னா அது சைபர் போடாது. ‘ஃபால்ட் வேல்யூ’ன்னு ஒண்ணு குடுக்கும், கொறையான மதிப்பு. கடைசிப் பக்கத்துல இருக்கு, மைனஸ் ஒண்ணு. மைனஸ் ஒண்ணு வந்தா நிரல் கண்டுபிடிச்சு நிறுத்திடும். ஒனக்கு சைபர் வந்திருக்கு. அப்படின்னா அதுதான் மார்க்கு.”

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலம் அவளுக்குப் பாதி புரிந்திருக்கும்.

“புக்குல அப்படித்தான் போட்டிருக்கா?”

“ஆமா.”

“யாரு எழுதினது?”

“நான்தான்,” என்றேன். பெருமையாகவே சொன்னேன். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அந்த ஒரு வார்த்தையை நான் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

“செரிக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து செல்வராசு என் மேசைக்கு வந்தான். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், அதிர்ந்து பேசாத பையன். கையில் ஒரு பட்டியல். இது வேறு வேலை, ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் விவரம்.

“அக்கா, இவருக்கு வயசு சைபர்னு வருது. தாத்தா ஒருத்தரு. பேரப்புள்ளைங்க பேரு கூட இருக்கு.”

“அடிச்சவங்க தப்பா அடிச்சிருப்பாங்க.”

“அறுவதுன்னுதான் அடிச்சிருக்காங்க. ஆனா சைபருக்குப் பதிலா ‘ஓ’ எழுத்த அடிச்சுட்டாங்க. படிக்க முடியல, அது செரி. ஒங்க புக்கு படி மைனஸ் ஒண்ணுதான வரணும்? நான் மைனஸ் ஒண்ணு வருதான்னுதான் பாக்குறேன். சைபர் வந்து நிக்குது.”

விவரங்களை உள்ளே ஏற்றும் பெண்கள் எல்லோரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து வந்தவர்கள். பழைய தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் சைபருக்குத் தனிச் சாவி கிடையாது. ‘ஓ’ எழுத்தைத்தான் அடிப்பார்கள். கணினியில் தனிச் சாவி இருக்கிறது, அதைத்தான் அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். ஆனால் விரல் பழகிய இடத்துக்குத்தானே போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். இயந்திரத்துக்கு ஒன்று எண், இன்னொன்று எழுத்து.

பிரெஞ்சுக் கையேட்டை எடுத்தேன். எண்ணாக மாற்ற முடியாவிட்டால் ரூட்டீன் ‘வலேர் பார் தெஃபோ’ தரும் என்று இருந்தது. வலேர் என்றால் மதிப்பு; நூறு முறை பார்த்த வரி. முதல் தடவையாக அகராதியில் பார்த்தேன். தெஃபோவுக்குக் குறை என்று ஒரு பொருள். இல்லாமை என்று இன்னொரு பொருள். ‘பார் தெஃபோ’ என்று சேர்ந்து வந்தால், வேறொன்றும் இல்லாதபோது தானாக எடுத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் டிஃபால்ட். இந்த இயந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு சைபர். கடைசிப் பக்கத்து மைனஸ் ஒன்று வேறு ரூட்டீன்களின் பிழைக்குரியது.

நான் அப்பாவின் துணியை நினைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறேன். குறையுள்ள மதிப்பு, கோடு போட்டுத் தனியே எடுத்து வைத்த மதிப்பு. இயந்திரமோ கோடும் போடவில்லை, தனியேயும் வைக்கவில்லை. நல்ல துணியோடு சேர்த்து மடித்து அனுப்பிவிட்டது.

என் கையேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தேன். முசியே அருளப்பனின் கையெழுத்து இருந்தது, செய்து பார்த்ததற்கான டிக் இல்லை. புரியாத வரிகளைத்தான் நாங்கள் பட்டினி கிடந்து சோதித்திருக்கிறோம். இந்த வரி இரண்டு பேருக்கும் அவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது. மதராசிலிருந்து ஒருத்தன் அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருந்தால் சரியாக எழுதியிருப்பான். வீட்டில் பிரெஞ்சு வார்த்தை பேசி வளர்ந்ததுதான் எனக்குக் குழி வெட்டியது.

அவரிடம் கொண்டுபோய் வைத்தேன். ஸ்கேலை எடுக்கவில்லை.

“எங்கப்பாரும் ஆலையிலதான் இருந்தாரு,” என்றார். பிறகு, “நானும் படிச்சிருக்கேன். கையெழுத்து என்னுது.”

“அந்தப் பொண்ணு வந்துச்சு முசியே. நான்தான் புக்கக் காட்டி அனுப்பிட்டேன்.”

அவர் செல்வராசுவைக் கூப்பிட்டு, தேர்வுப் பட்டியலை எடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

செல்வராசு தேர்வுப் பட்டியலை மறுபடி எடுத்தான். தேர்வுக்கு வராதவர்களுக்கும் சைபர் என்று போடும் வழக்கம் இருந்ததால் பட்டியலில் சைபர்கள் நிறைய இருந்தன, யார் கண்ணையும் அவை உறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று ‘ஓ’ கிடைத்தது. இரண்டு பேருக்குத் திருத்தினாலும் இடம் கிடைத்திருக்காது. மூன்றாவது கஸ்தூரி. அறிவியல் எழுபது. அவளுக்கு இடம் உண்டு. சேர்க்கை முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

கம்பெனியின் மேனேஜர், நிரலில் கோளாறு என்று செல்வராசுவின் பெயரைப் போட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். முசியே மாட்டேன் என்றார். “அவன் புக்குல இருந்தபடி செஞ்சான். புக்கு எங்களுது,” என்று சொல்லி, கடிதத்தைத் தானே எழுதினார். அதில் என் பெயரும் அவர் பெயரும் இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குச் சம்பள உயர்வு இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. பள்ளியிலிருந்து மூன்று நாளில் பதில் வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டன, அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம்.

திருத்தச் சீட்டு அடித்தோம். ‘ஃபால்ட் என்பதை டிஃபால்ட் என்று படிக்கவும்.’ ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத்தான் கூடுதல். முசியே ஸ்கேலை வைத்து, “அப்புறம்?” என்றார். ‘இங்கு வரும் சைபர் உண்மையான எண்ணா, படிக்க முடியாத எண்ணா என்பதை இந்த ரூட்டீன் சொல்லாது. படிக்கும் முன்பே ஒவ்வொரு எழுத்தையும் சோதிக்கவும்’ என்று சேர்த்தேன். இந்தத் தடவை பட்டினி கிடந்து செய்து பார்த்தோம். டிக் போட்டார். இருந்த எல்லாப் பிரதிகளிலும் பசை தடவி நானே ஒட்டினேன். அதிலிருந்து லைப்ரரி முழுவதையும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து சோதித்தோம். ஏழு மாதம் பிடித்தது. பிற்பாடு வந்தவர்கள் பாராட்டிய கையேடு அதுதான். அது எப்படி நல்ல கையேடு ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

சீட்டு ஒட்டிய மறுநாள், பள்ளியின் பதிலையும் திருத்திய மதிப்பெண் தாளையும் எடுத்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனேன். தபாலில் அனுப்பலாம் என்றார் மேனேஜர். புக்கை நேரில் காட்டியவள் இதையும் நேரில் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டைக் கேட்டதும், “கல்யாண வூடா?” என்று கேட்டு வழி காட்டினார்கள். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. கஸ்தூரி உள்ளே இருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லிவிட்டு, தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

“எழுவது,” என்றாள்.

“ஆமாம்மா. தப்பு எங்க மேலதான். நான் எழுதினதுல ஒரு வார்த்த தப்பு. மன்னிச்சுக்க.”

“லிஸ்ட்டுல இப்ப போடுவாங்களா?”

“லிஸ்ட்டு முடிஞ்சிடுச்சு. அடுத்த வருசம் எழுதலாம்னு சொல்லியிருக்காங்க. ஒங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா?”

அவள் பந்தல்காலைப் பார்த்தாள். “தாம்பூலம் மாத்தியாச்சுக்கா. வர்ற புதன்கெழம.” தாளை அன்று மடித்தது போலவே மடித்தாள். “அந்தப் புக்குல திருத்திட்டீங்களா?”

“திருத்திட்டோம். எல்லா புக்குலயும் ஒட்டிட்டோம்.”

“செரி,” என்றாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலவே கேட்டாள்.

“அப்புறம்?”

முசியே கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும், பின்னாலேயே பதிலும் வரும். இவள் கேட்டபோது இரண்டும் வரவில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைப் பக்கம் புகுந்த வீடு என்று கேள்விப்பட்டேன். அங்கே மீன் வாங்கப் போகும்போது முகங்களைப் பார்ப்பேன். பார்த்திருந்தாலும் எதைச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. முசியே அருளப்பன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஓய்வு பெறும் வரை நானும் பிழைக்குறிப்பு எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘அப்புறம்?’ என்று கேட்டு, பதில் எழுதி, செய்து பார்த்து டிக் போட்டேன். இப்போதெல்லாம் பிழை வந்தால் இயந்திரமே விளக்கம் சொல்லிவிடுகிறதாம். சொல்லட்டும். மலர் போடும் பிள்ளைகளே, யாராவது செய்து பார்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுவையுங்கள்.

முன்னோடி என்று இருந்த இடத்தில் போட ஒரு வரி கேட்டீர்கள். இதைப் போடுங்கள்: கனகசெட்டிக்குளம் கஸ்தூரி, அறிவியல், எழுபது. அது எந்தப் பட்டியலிலும் அச்சாகவில்லை.